நத்தை ஆற்று ஊரில் நாலு நாள்

முதல் நாள், ஜூன் 14

கிள்ளானிலிருந்து காலையிலேயே கிளம்பி, கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் என்கிற மின்சார ரயில் பிடித்து, மூன்று மணி நேரத்துக்குள் மலேசியாவின் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில் இறங்கிவிட்டேன். அம்மா சின்ன வயதில் ஊரிலிருந்து கிள்ளானுக்கு வர ஒரு முழு நாள் ஆகுமாம். எனக்கு ஒரு தூக்கம் போடக்கூட நேரம் போதவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது இந்த ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்தில். கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பேச்சு அந்தத் தோட்டத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. இப்போது முட்டி வலி, பயணம் முடியாது. "நீயாவது போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று ஆறு மாதமாக நச்சரித்ததால்தான் இந்தப் பயணம். தேதியை மட்டும் நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன், அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

ரயிலில் வரும்போது ஈப்போ வரைக்கும் பார்க்க வேண்டியது சுண்ணாம்புக்கல் குன்றுகளைத்தான், செங்குத்தாக, வெள்ளையும் சாம்பலுமாக நிற்கும். செமோர் தாண்டியதும் நிலம் மாறுகிறது. அந்தப் பக்கம் பெய்யும் மழை கிந்தா ஆற்றில் இறங்கித் தெற்கே போகிறது, இந்தப் பக்கம் பெய்வது புளூஸ் ஆற்றோடு சேர்ந்து மேற்கே ஓடுகிறது. இரண்டும் கடைசியில் பேராக் ஆற்றில்தான் போய் விழுகின்றன, ஒன்று மேலே, ஒன்று வெகுதூரம் கீழே. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் சுவர் மாதிரி, தென்மேற்கே கிளேடாங் தொடர், நடுவில் இந்த ஊர். நெடுஞ்சாலைக்கும் பிளஸ் என்று பெயர், ஆற்றுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர் என்பதால் சின்ன வயதில் நான் ஆற்றின் பெயரைத்தான் சாலைக்கு வைத்தார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது வேறு கதை, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைத் திட்டத்தின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம்தான் அது.

ஸ்டேஷனில் மாமா மோட்டாரோடு காத்திருந்தார். அம்மாவின் தம்பி, அறுபத்தெட்டு வயது, முப்பத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டியவர். என் பையைப் பார்த்துவிட்டு, "என்ன மருமவனே, குடியேற வந்துட்டியா?" என்றார்.

சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஆக, நத்தை ஆறு. பெயர்ப்பலகையில் பக்கத்திலேயே 'உத்தாரா', அதாவது வடக்கு, என்று போட்டிருக்கும், ஏனென்றால் கம்பார் பக்கம் இன்னொரு சுங்கை சிப்புட், தெற்குக்காரர், இருக்கிறார். பழைய தபால்காரர்கள் பாவம். ஊரைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் காலத்து முதன்மைச் சாலை நடுவில் ஓட, இருபுறமும் கடைவீடுகள், அதற்குப் பின்னால் தாமான்கள், அதாவது குடியிருப்புப் பகுதிகள், அதற்கும் பின்னால் பச்சை. சாயங்காலம் ஒரு தடவை நடந்து சுற்றி முடித்தாயிற்று. ராத்திரி மாமி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார், மூன்று தட்டு.

இரண்டாம் நாள், ஜூன் 15

காலையில் ரொட்டி சானாய், தே தாரேக். அப்புறம் மாமாவின் மோட்டாரில் கிழக்கே, லிந்தாங், லாசா பக்கம். நான் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தேன், மாமா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அதை உள்ளே வையி. இங்க எஸ்டேட்டுப் பேரு தெரிஞ்சா போதும் லா" என்றார்.

உண்மைதான். டோவன்பி, ஹீவுட், எல்பில், கமுனிங், சங்காட் சாலாக் என்று அவர் வழி சொல்வதெல்லாம் தோட்டத்துப் பெயர்களில். அதில் சிலது எந்த வெள்ளைக்காரன் எந்த ஊரை நினைத்து வைத்ததோ தெரியாது, நம் ஆட்கள் வாயில் புழங்கிப் புழங்கி ஏதோ நம்மூர்க் குலதெய்வப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது. எல்பில் பெயரில் இன்றைக்கும் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஆனால் வழியில் ரப்பரைத் தேடினால் கண்ணில் படுவது பெரும்பாலும் செம்பனை, எண்ணெய்ப்பனை. ரப்பர் மரம் பால் எடுக்க உளி வைக்கிற பருவத்துக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், வந்த பிறகும் ஒவ்வொரு மரத்துக்கும் ஆள் போய் நிற்க வேண்டும். செம்பனை மூன்று வருஷத்தில் குலை தள்ளும், மழையானாலும் வெயிலானாலும் வேலை நிற்காது, ஆளும் குறைவு. முதலாளி பக்கத்துக் கணக்கு சுலபம். அந்த 'ஆளும் குறைவு' என்பதில்தான் எங்கள் குடும்பம் மாதிரி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிள்ளானுக்கும் ஈப்போவுக்கும் போனது.

எல்பில் பக்கம் வந்ததும் மாமா மோட்டாரை நிறுத்தினார். நான்தான் கேட்டிருந்தேன்.

1948 ஜூன் 16 காலை. எல்பில் தோட்டத்து மேனேஜர் ஆர்தர் வாக்கரை அவருடைய ஆபீசிலேயே சுட்டுக் கொன்றார்கள். கொஞ்ச நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் மேனேஜர் ஜான் அலிசனும், 21 வயது உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் சுடப்பட்டார்கள். சுட்டவர்கள் மலாயாக் கம்யூனிஸ்டுகள். உடனே பேராக்கின் சில பகுதிகளிலும் ஜொகூரிலும் அவசரகாலம், ஜூன் 18-இல் மலாயா முழுவதற்கும். 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு வருஷம், அது போகவில்லை. போர் என்று சொல்லாமல் அவசரகாலம் என்று சொன்னதற்குக் காரணமே, போர் என்றால் தோட்டங்களுக்குக் காப்புறுதிப் பணம் கிடைக்காது என்பதுதான் என்பார்கள். நம் பர்சில் இருக்கிற அடையாள அட்டை இருக்கிறதே, அதுவும் அந்த 1948-இல் வந்ததுதான், காட்டுக்காரன் யார், நாட்டுக்காரன் யார் என்று பிரிக்க.

பள்ளிக்கூடத்தில் இவ்வளவுதான் படித்தோம். மூன்று துரைமார், தேதி, முடிந்தது. அந்த இடத்தில் நின்றால் ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. செம்பனை, கால்வாய், உதிரிப் பழத்தைக் கொத்துகிற காட்டுக்கோழி, தூரத்தில் ஒரு லோரி. மாமா சிகரெட் பற்ற வைத்தார்.

திரும்பும் வழியில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு பாட்டி வீட்டில் காப்பி. வயது 86, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் கத்தி. நான் துரைமார் கொலையைப் பற்றிக் கேட்டேன். கையை ஆட்டினார். "அதெல்லாம் பெரியவங்க பேசிக்கிட்டாங்க, எனக்குத் தெரியாது. கம்பி போட்டது தெரியும்."

1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டம் அது. காட்டோரத்தில் சிதறிக் கிடந்தவர்களை, பெரும்பாலும் சீனர்களை, ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் பெயர்த்துப் புதுக்கிராமங்களில் வைத்தார்கள். தோட்டத்து லயங்களையும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளையும், விடவில்லை, தள்ளித் தள்ளி இருந்த வீடுகளை ஓரிடத்தில் குவித்து முள்கம்பி போட்டார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாது. அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டில் சோதனை.

பாட்டி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "விடியறதுக்குள்ள பெரட்டு. பேர் கூப்பிட்டதும் வரிசையா கேட்டுக்கு நடக்கணும். ஆம்பளைக்கு ஆம்பளை, பொம்பளைக்குப் பொம்பளை, வாளியக் கவுத்துப் பார்ப்பா, சீலை மடிப்ப உதறிப் பார்ப்பா. ஒரு வாய் சோறு வெளியே போவக் கூடாது. எங்கம்மா வெறும் வயித்தோட மரம் வெட்டிட்டு மத்தியானம் வந்துதான் கஞ்சி குடிக்கும். சைக்கிள் பம்புக்குள்ள அரிசியப் போட்டுக் கொண்டு போறாங்கன்னு பம்பைக் கூட விடமாட்டான்." கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, "கடையில டின்னுப் பால் வாங்கினா அங்கேயே ஓட்டை போட்டுத்தான் குடுப்பான், கெட்டுப் போறதுக்குள்ள குடிச்சிடணும்னு" என்றார், சிரித்துக்கொண்டே.

இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொன்னதில்லை. அவசரகாலம் இங்கேதான் தொடங்கியது என்று எழுதுகிறவர்களுக்கு அது மூன்று பேர் செத்த காலை. கம்பிக்குள் இருந்தவர்களுக்கு அது கவிழ்த்துப் பார்க்கப்பட்ட வாளி, பல வருஷம், தினமும்.

நாளைக்கு என் தேதி. தூங்கப் போகிறேன். கணுக்காலில் அட்டை கடித்த இடம் இன்னும் கசிகிறது, மாமி மஞ்சள் வைத்திருக்கிறார்.

மூன்றாம் நாள், ஜூன் 16

மழை. விடியற்காலை நாலு மணிக்கே கூரையில் கொட்ட ஆரம்பித்துவிட்டது. மாமா படுக்கையிலிருந்தே, "இன்னைக்குப் பெரட்டு இல்ல" என்றார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது மனிதருக்கு. மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வெட்டிய கோட்டை விட்டு வழிந்துவிடும், வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் அன்றைய கூலி இல்லை. இன்னமும் மழைச் சத்தம் கேட்டால் முதலில் சந்தோஷமும் உடனே கவலையும் வருமாம்.

எட்டு மணிக்கு விட்டது. கடையில் போய் உட்கார்ந்து, பக்கத்து மேசைப் பெரியவரிடம் இன்றைக்கு என்ன நாள் தெரியுமா ஐயா என்றேன். "சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றார். கடையே சிரித்தது. அப்புறம் அவரே, "துன் பிறந்தநாள் தானே?" என்றார்.

அதைத்தான் எதிர்பார்த்து வந்தேன். துன் வீ. தி. சம்பந்தன் பிறந்தது இதே சுங்கை சிப்புட்டில், 1919 ஜூன் 16. அப்பா வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்து, பிறகு இங்கே ரப்பர்த் தோட்டம் வைத்தவர். மகன் கோலகங்சார் கிளிப்பர்ட் பள்ளியில் படித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய்த் திரும்பினார். எல்பில் ஆபீசில் துப்பாக்கி வெடித்த அன்று அவருக்கு 29 வயது நிறைந்திருந்தது. ஒரே ஊர், ஒரே தேதி. உலக வரலாற்றுப் புத்தகங்கள் ஒன்றைத்தான் குறித்து வைத்திருக்கின்றன, டீக்கடை இன்னொன்றை. எனக்குக் கடைக்காரர்கள் பக்கம்தான் சாய்வு, ஆனால் நேற்றைய பாட்டியின் கம்பியை இரண்டு தரப்புமே மறந்துவிட்டன என்பதும் உண்மை.

பெரியவர் விடவில்லை. 1954-இல் இங்கே மகாத்மா காந்தி கலாசாலை திறந்ததையும், அதைத் திறந்து வைக்க விஜயலட்சுமி பண்டிட்டே வந்ததையும் தான் கூட்டத்தில் நின்று பார்த்த மாதிரியே சொன்னார். வயதைக் கணக்குப் போட்டால் அப்போது அவர் கைக்குழந்தை. சரி, கேட்டுக்கொண்டேன். சம்பந்தன் 1955-இல் இந்தியர்களின் கட்சியான மஇகாவின் தலைவரானார், 1973 வரை இருந்தார், 1959-லிருந்து இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஆனால் பெரியவர் பேச்சில் இதெல்லாம் ஓடிப் போய்விட்டது. நின்றது பத்து வெள்ளி, மலாயாப் பணத்தில்.

ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டம் துண்டானால் லயமும் இல்லை, வேலையும் இல்லை, கோயில் கூட இல்லை, ஏனென்றால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டத்து ஆட்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்குவோம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சம்பந்தன் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். அவரே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம். "எங்கப்பா கட்டினாரு. அம்மா தாலிய அடகு வெச்சு முதல் பத்து வெள்ளி" என்றார் பெரியவர். அந்தப் பங்குச் சீட்டு இன்னும் வீட்டில் இருக்கிறதாம், பெட்டியில், கடவுச்சீட்டோடு.

இனி அம்மாவின் தோட்டம். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். கேட்டில் காவலர் மாமாவை அடையாளம் தெரிந்துகொண்டார், ஆனால் உள்ளே விடவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டார், கடிதம் இருக்கிறதா என்றார்கள், இல்லை, முடியாது. முப்பத்திரண்டு வருஷம் உள்ளே வேலை பார்த்தவர் வெளியே நின்று, இருபது வயசுப் பையன் போனில் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மாமாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கோயிலுக்கு மட்டும் போய்விட்டு வருகிறோம் என்றார். காவலர் யோசித்து, இரண்டு பேர் அடையாள அட்டையையும் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் என்றார். கம்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

உள்ளே லயம் இல்லை. ஒரு வரிசை கூட இல்லை, எல்லாம் செம்பனை, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. மாமா மட்டும் தயங்காமல் நடந்தார். இங்கே குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை, இங்கே பால் ஸ்டோர், இங்கே ஆபீஸ் கணக்கரான கிராணியார் வீடு, அவர் வீட்டுக்கு மட்டும் கறண்டு. நடுவில் மாரியம்மன் கோயில் தனியாக நின்றது, தகரக் கூரை, புதுச் சாயம், சூலத்தில் குத்திய எலுமிச்சை இன்னும் வாடவில்லை. யாரோ வருகிறார்கள். கோயிலுக்குப் பின்னால் செம்பனைகளுக்கு நடுவே சம்பந்தமில்லாமல் ஒரு மாமரம். "உங்கம்மா நட்டது" என்றார் மாமா. அம்மாவும் போனில் அதையே சொல்லியிருந்தார், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, மாமரம். படம் எடுத்தேன். காய் இல்லை, இலையெல்லாம் சிவப்பெறும்புக் கூடு.

மாலையில் மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு பாடம். அங்கே இரண்டு கிழ ரப்பர் மரம் வைத்திருக்கிறார், விறகுக்கென்று சொன்னாலும் வெட்ட மனசில்லை. கோணிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த உளியை எடுத்து, கட்டைவிரலில் ஒரு தரம் பதம் பார்த்து, முதலில் கோட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்தார், ரப்பர் பேண்டு மாதிரி வந்தது. அப்புறம் இடது மேலிருந்து வலது கீழாக, சாய்வாக, இழுத்து இழுத்து ஒரு சீவல். காகிதத்தை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். "தோலை மட்டும். உள்மரத்தைத் தொட்டா காயம், அந்த இடத்துல மறுபடி தோல் கட்டி கட்டியா வரும், கங்காணி வந்து கையை வெச்சுப் பார்த்தா போதும், சம்பளத்துல பிடிப்பான்." சொல்லி முடிப்பதற்குள் கோடு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் வந்து, சேர்ந்து, ஓடி, தகரத் துண்டு வழியாக மங்குக் கிண்ணத்தில் சொட்ட ஆரம்பித்தது. நான் வெட்டிய கோடு பக்கத்து மரத்தில் எலி கடித்த மாதிரி இருக்கிறது. இந்த மாதிரி ஐந்நூறுக்கு மேல், விடிவதற்கு முன்னால் தொடங்கி, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அப்புறம் திரும்பவும் அதே ஐந்நூறுக்கும் போய்ப் பாலைச் சேர்த்து, காண்டா வாளியில் தோளில் தூக்கி ஸ்டோருக்கு. எனக்கு ஒரு மரத்துக்கே மணிக்கட்டு போய்விட்டது.

நாலாம் நாள், ஜூன் 17

ரயில் மத்தியானம்தான் என்பதால் காலையில் கோலகங்சார். மாவட்டத் தலைநகர் அதுதான், சுங்கை சிப்புட் அதற்குக் கீழே. வழியில் காராயில் விக்டோரியா பாலம், 1900-இல் பேராக் ஆற்றின் மேல் கட்டி முடித்த ரயில் பாலம், இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது, பழசில் கல்யாண ஜோடிகள் படம் எடுக்கிறார்கள். நானும் மாமாவும் எடுத்துக்கொண்டோம்.

பார்க்க வந்தது ஒரு மரத்தை. கோலகங்சார் நில அலுவலகம் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 இங்கே வந்தன, பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக, இருந்த ஹியூ லோ நட்டார். அதில் மிஞ்சியது இது என்கிறார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை, எல்லாருக்கும் காப்பிதான். காப்பி விலை விழுந்து, டயர் தேவை ஏறியபோதுதான் இந்தப் பள்ளத்தாக்குகள் எல்லாம் காடு கழிந்து ரப்பராகி, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிக்கொண்டு வந்தது. மாமா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பலகையைப் படிக்கவில்லை. பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரோ கண்டபடி வெட்டியிருக்கான்" என்றார், அவ்வளவுதான் அவர் விமர்சனம்.

ஸ்டேஷனில் மாமி பொட்டலம் கட்டிக் கொடுத்தார், முறுக்கும் கருவாடும் ஒரே பையில், யார் கேட்டாலும் நான் பக்கத்து சீட்டுக்காரன் மேல்தான் பழி போடுவேன். ரயில் செமோரைத் தாண்டும்போது அம்மாவுக்குப் படங்களை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். கோயில் இருக்கிறது, சாயம் அடித்திருக்கிறார்கள், மாமரம் இருக்கிறது என்றேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கிணறு?" என்றார்.

"எந்தக் கிணறும்மா?"

"மாமரத்துக்குக் கிழக்கே பத்தடி. சிமிட்டி கட்டினது. உங்க தாத்தா பேரு ஈரச் சிமிட்டியில எழுதியிருப்பாரு. பார்க்கலையா?"

பார்க்கவில்லை. கால் மணி நேரமும் எறும்பையும் இலையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்குப் போன் போட்டேன். மூடி போட்டிருப்பார்கள், செடி ஏறியிருக்கும் என்றார். ஆடிக்குக் கோயிலில் கூழ் ஊற்றுவார்களாம், அன்றைக்குக் கேட்டில் கேட்க மாட்டார்களாம், பாராங்கத்தியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன் என்றார். அம்மாவிடம் சொன்னேன். "அவன் கிழக்குன்னா மேற்கே போவான்" என்கிறார்.